வெளுப்பது யார் வேலை?

– மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



இந்த மலரைப் புரட்டினால் கவிதை இருக்கும், கம்ப்யூட்டர் கட்டுரை இருக்கும், "இளைஞனே எழுந்திரு" என்று ஒரு முழக்கமும் கட்டாயம் இருக்கும். நான் எழுத வந்திருப்பது அழுக்குத் துணியைப் பற்றி. சிரிக்காதீங்க. டிப்ளமோ முடித்து வெளியே போகும் நம்மில் பாதிப் பேருக்கு முதலில் கையில் கிடைக்கப்போவது சம்பளக் கவர் இல்லை, ரெண்டு செட் யூனிஃபார்ம். அதை யார் துவைப்பது, எப்படித் துவைப்பது என்று எந்த சிலபஸிலும் இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரைக் கொஞ்சம் பாருங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு வந்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 2007-ல் வந்த சாம்சங் ஆலையில் டி.வி., பிரிட்ஜ் மட்டுமல்ல, வாஷிங் மெஷினும் தயாராகிறது. ஆம்! வாஷிங் மெஷின் பிறக்கிற ஊர் நம்ம ஊர்!

ஆனால் அதே ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி நாலு தெரு நடந்து பாருங்கள். லைன் வீடு, மாடி ரூம், ஒரு ரூமுக்கு அஞ்சாறு பேர். கொடி முழுக்க சாம்பல் கலர், ஊதா கலர் யூனிஃபார்ம். கீழே ஒரு பக்கெட், ஒரு பிரஷ், பாதி தேய்ந்த சோப்புக் கட்டி. நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் தூக்கத்தோடு குந்தி உட்கார்ந்து காலரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். மெஷினைப் பூட்டி அனுப்புகிற ஊரில் கை தேய்கிறது. இந்த முரண்பாடு நமக்கு உறைக்க வேண்டாமா?

வெள்ளாவியும் என்ஜினியரிங்தான்

துணி துவைப்பதை "சின்ன வேலை" என்று நாம் நினைப்பதற்குக் காரணம், அதைச் செய்தவர்களை இந்தச் சமூகம் சின்னவர்களாக வைத்ததுதான். ஊரெல்லாம் வெள்ளை உடுத்த, வெளுத்துக் கொடுத்தவரைத் தெருக்கோடியில் நிறுத்திய நாடு இது. அவர்கள் செய்த வேலையின் அறிவை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வெள்ளாவி வைப்பது என்றால் என்ன? உவர்மண் கரைத்த நீரில் துணியை ஊறவைத்து, பானை மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் கல்லில் அடித்து அலசுவது. உவர்மண்ணில் இருப்பது கார உப்பு; நம்ம சலவைத் தூளில் சேர்க்கிற சலவை சோடாவின் சொந்தக்காரன்.

ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெர்பர்ட் சின்னர் என்பவர் 1959-ல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அழுக்குப் போக நாலு விஷயம் வேண்டும்: ரசாயனம், அசைவு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். உலகமெங்கும் சலவைத் தொழிலில் இன்றைக்கும் இதுதான் பாடம். வெள்ளாவியில் இந்த நாலும் இருக்கிறதா இல்லையா? உவர்மண் ரசாயனம். ஆவி சூடு. இரவு முழுக்க நேரம். கல்லில் அடிப்பது அசைவு. வட்டம் போடாமலேயே நம் சலவைத் தொழிலாளர்கள் செய்து முடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் ஒரு வணக்கம்!

மெஷின் மேல் சொல்லும் பழி

"மச்சான், மெஷின்ல போட்டா அழுக்கே போகாதுடா!"

ஹாஸ்டலில் தினமும் கேட்கிற வசனம். அழுக்குப் போகாததற்குப் பெரும்பாலும் மெஷின் காரணமில்லை, போட்டவன்தான் காரணம். சின்னர் சொன்ன நாலையும் வைத்தே பார்ப்போம்.

முதலில் அசைவு. டாப் லோடில் அடியிலுள்ள பல்சேட்டர் தண்ணீரைச் சுழற்றித் துணியை உரசவைக்கிறது. ஃப்ரண்ட் லோடில் டிரம் துணியை மேலே தூக்கிக் கீழே போடுகிறது. கல்லில் அடிப்பதன் தம்பி இது. துணி விழுவதற்கு இடம் வேண்டாமா? நாலு பேர் துணியை ஒண்ணா அமுக்கிக் கதவைச் சாத்தினால் எப்படி விழும்? ஒரு கை நுழைகிற அளவுக்காவது மேலே காலியிடம் இருக்கட்டும்.

அடுத்து ரசாயனம். "அழுக்கு ஜாஸ்தி, தூளும் ஜாஸ்தி போடு" என்பது தப்புக் கணக்கு. நுரை பொங்கினால் மெத்தை மாதிரி துணியைத் தாங்கிக்கொள்ளும், அடி விழாது. அலசியும் போகாமல் தங்கிய தூள் காய்ந்த பிறகு வெள்ளையாகத் திட்டுத் திட்டாக நிற்கும்; உடம்பு அரிக்கும்.

தண்ணீரும் ரசாயனம்தான். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லையென்றால் 600 வரை போகலாம். போர் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி, அழுக்கோடு அழுக்காய்த் துணியிலேயே ஒட்டும். அதனால் உப்புத் தண்ணீருக்கு சோப்புக் கட்டியைவிட டிடர்ஜென்ட் மேல். ஃப்ரண்ட் லோடு ஹீட்டரில் உப்புப் படியும்; மாதம் ஒருமுறை துணியில்லாமல் சிட்ரிக் அமிலம் போட்டு ஓட்டினால் ஹீட்டர் பிழைக்கும். தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் சின்ன வலையையும் கழற்றிக் கழுவுங்கள்.

மூன்றாவது சூடு. கரண்ட் பில் பயம் இங்கேதான். தெர்மல் பாடத்தில் படித்ததை வைத்துக் கணக்குப் போடலாம். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற சுமார் 1,880 கிலோஜூல் வேண்டும். அதாவது அரை யூனிட்டுக்கு மேல். செலவு பெரும்பாலும் ஹீட்டரில், மோட்டாரில் இல்லை! அதனால் தினசரி வியர்வைத் துணிக்குச் சாதா தண்ணீர் போதும். எண்ணெய்ப் பிசுக்கு யூனிஃபார்முக்கு மட்டும் சூடு போடுங்கள். ரத்தக்கறை, பால்கறை என்றால் சுடுதண்ணீர் கூடவே கூடாது; முட்டை வேகிற மாதிரி கறை துணியிலேயே வெந்து உட்கார்ந்துவிடும்.

நான்காவது நேரம். இங்கே நமக்கு லாபம். ஊறுகிற நேரம் நாம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. காலரிலும் கைமடிப்பிலும் தூளைக் குழைத்துத் தடவி அரைமணி விட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பிழிவதையும் சொல்லிவிடுகிறேன். டிரம் ஆரம் 25 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வைத்துக்கொண்டு மையவிலக்கு முடுக்கம் கண்டுபிடியுங்கள். புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 280 மடங்கு வரும்! எந்தப் பயில்வானும் முறுக்கிப் பிழிந்து இதைத் தர முடியாது. ஐப்பசி அடைமழையில் நாளைக்குப் போட யூனிஃபார்ம் காயவேண்டுமே என்று தவிப்பவனுக்குத்தான் இந்த 280-ன் அருமை தெரியும்.

எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரூமில் மெஷின் வந்தால் 16 ஆம்ப் சாக்கெட், ஒழுங்கான எர்த், 30 மில்லிஆம்பில் டிரிப் ஆகிற பிரேக்கர் இந்த மூன்றையும் பார்த்துக் கொடுங்கள். ஈரக்கை, ஈரத்தரை, இரும்பு உடம்பு... இதற்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸா?

யூனிஃபார்ம் வேறு, வீட்டுத்துணி வேறு

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம்.

லேத்தில் நின்ற சட்டையில் கூலண்ட் இருக்கும். அது தோலில் தங்கினால் சொறி, சிரங்கு மாதிரி தடிப்பு வரும். பாக்கெட்டில் இரும்புச் சுருள் இருக்கும்; அது டிரம்மைக் கீறும், மற்றத் துணியில் துருக்கறை வைக்கும். துருவுக்கு பிளீச்சிங் ஊற்றாதீர்கள், கறை இன்னும் பிடிக்கும். எலுமிச்சையோ சிட்ரிக் அமிலமோதான் வழி. இரண்டையும் சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வருவது குளோரின் விஷவாயு. கிரீஸ் போக பெட்ரோலிலும் தின்னரிலும் நனைத்துவிட்டு அப்படியே மெஷினில் போடுகிற "டெக்னிக்" நம்மிடம் உண்டு. அது துவைப்பது இல்லை, தீ வைப்பது! கிரீஸ் கறைக்குப் பாத்திரம் தேய்க்கிற லிக்விடைத் தடவி ஊறவைத்தாலே போதும்.

பேட்டரி, பெயிண்ட் போன்ற இடங்களில் விஷயம் இன்னும் பெரியது. ஈயத்தூள் சட்டையோடு வீட்டுக்கு வந்து, ஆலையின் வாசலையே மிதிக்காத குழந்தையின் ரத்தத்தில் சேர்ந்த கதைகள் பல நாடுகளில் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் 1978-ல் கொண்டுவந்த ஈய விதிமுறையிலேயே, பாதுகாப்பு உடையைத் துவைத்துக் கொடுக்கும் பொறுப்பை முதலாளி மேல் வைத்தார்கள். நம் நாட்டிலும் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கைகால் கழுவ வசதி கேட்டது. நனைந்த துணி உலர்த்த இடம் தரும்படி விதி செய்ய மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தொழிலாளியின் துணியும் தொழிலின் பகுதி என்று அன்றைக்கே புரிந்திருக்கிறது.

அப்படியானால் நம்ம யூனிஃபார்ம் யார் கையில் போகிறது? அம்மா கையில்! தங்கச்சி பாவாடையோடும் பாப்பா ஜட்டியோடும் ஒரே பக்கெட்டில்! "அம்மா, நாளைக்கு ஷாப் இருக்கு, காக்கி வேணும்" என்று ஒரு அதட்டல் போடுகிறோமே, அந்தக் காக்கியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது? கூலண்டுக்கு கிளவுஸ் போடச் சொல்லி நமக்கு இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார். அம்மாவுக்கு யார் இருக்கிறார்?

"அதெல்லாம் பொம்பளைங்க வேலைடா" என்று சொல்கிற நண்பனுக்கு ஒரு கேள்வி. சுற்றுகிற எந்த மெஷினையும் நான் ஓட்டுவேன் என்கிற நீ, இந்த ஒரு மெஷினைக் கண்டால் மட்டும் ஏன் ஓடுகிறாய்?

சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற மருத்துவப் பேராசிரியர் 2010-ல் வாஷிங் மெஷினைப் பற்றியே ஒரு உரை நிகழ்த்தினார். தன் வீட்டுக்கு மெஷின் வந்தபோது அம்மாவுக்கு நேரம் கிடைத்தது, அந்த நேரத்தில் அவர் மகனை நூலகத்துக்கு அழைத்துப் போனார் என்பது அவர் சொன்ன செய்தி. மெஷின் வெளுப்பது துணியை. மிச்சம் பண்ணிக் கொடுப்பது நேரத்தை. அந்த நேரம் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி.

நாம் கேட்க வேண்டியது

2024 செப்டம்பர் 9-ம் தேதி முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம், சம்பளம், வேலை நேரம் ஆகியவை அவர்கள் கோரிக்கைகள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. நேரத்துக்கும் மரியாதைக்கும் குரல் கொடுக்கலாம் என்று நம் கண்ணெதிரே நடந்த பாடம் இது.

அதே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தனை பேர் ஒரே இடத்தில் தங்குகிற காலத்தில், துணி துவைப்பது தனி ஆளின் ஞாயிற்றுக்கிழமைக் கவலை அல்ல. குடிதண்ணீர், வடிகால், கரண்ட் மாதிரி அதுவும் கட்டடத் திட்டத்தில் சேர வேண்டிய விஷயம்.

"வாங்கிப் போட்டா ரெண்டே மாசத்துல உடைச்சிடுவானுங்க" என்று ஒரு பெரியவர் சொல்வார். உடைந்தால் பிரித்துப் பார்ப்போம்! மோட்டார், பெல்ட், பேரிங், டைமர், வால்வு எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கிற லேப் வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே என் யோசனைகள்:

1. ஹாஸ்டலுக்குப் பொது மெஷின். பராமரிப்பு மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல் மாணவர் பொறுப்பு. முறை வைத்து ஓட்டுவோம்.

2. ஒர்க்‌ஷாப் காக்கிக்குத் தனிக் கூடை, தனித் துவையல். வீட்டுக்கு எடுத்துப்போனால் பாக்கெட்டை உதறி, நாமே துவைப்போம்.

3. கேம்பஸ் இன்டர்வியூவில் "எனி கொஸ்டின்?" என்று கேட்பார்களே, அப்போது சம்பளம், பஸ், கேன்டீனோடு இதையும் கேட்போம்: "சார், யூனிஃபார்மை யார் துவைப்பாங்க?"

மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஒருத்தன் கேட்டால் சிரிப்பார்கள். வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் கேட்டால் குறித்துக்கொள்வார்கள். கேட்போமா நண்பர்களே?