எழுதி முடித்த பின்னரே ‘வெற்றி’

கைப்பேசித் திரையில் ‘பரிவர்த்தனை வெற்றி’ என்ற செய்தி தோன்றச் சில நொடிகள் கூடினாலே நாம் பொறுமை இழக்கிறோம். விரைவான சேவையை எதிர்பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. ஆயினும், எவ்வளவு விரைவாகச் சொல்லப்பட்டது என்பதோடு, சொல்லப்பட்டது உறுதியாகப் பதிவாகிவிட்டதா என்றும் நாம் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்குமான விடை, தரவைச் சேமிக்கும் வன்பொருளைப் பெரிதும் சார்ந்தது.

கணக்கியலில் முதலில் குறிப்பேட்டிலும் பின்னர் பேரேட்டிலும் பதிவு செய்வது மரபு. தரவுத்தளமும் அவ்வாறே இயங்குகிறது. ஒவ்வொரு வரவும் பற்றும் முதலில் குறிப்பேடு போன்ற ஒரு கோப்பின் இறுதியில் எழுதப்படுகின்றன. மின்சாரம் தடைப்பட்டாலும் அழியாத வகையில் அது பதிந்த பிறகே ‘வெற்றி’ என அறிவிக்கப்பட வேண்டும். இடையில் கணினி நின்றுபோனாலும், அக்குறிப்பேட்டைக் கொண்டு பேரேட்டை மீட்டுவிடலாம்.

அந்த ஒரு வரி பதிய எவ்வளவு நேரமாகும்? நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், நொடிக்கு 120 சுற்றுகளே சுற்றும். குறிப்பேட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகையில், ஒவ்வொரு பதிவுக்கும் ஏறத்தாழ ஒரு சுற்று காத்திருக்க நேர்வதால், நொடிக்குச் சுமார் 120 உறுதியான எழுத்துகளே இயலும். பல பரிவர்த்தனைகளைத் திரட்டி ஒரே முறையில் எழுதினால் எண்ணிக்கை உயரும். காத்திருப்பு முற்றிலும் நீங்காது.

சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. இத்தடையைப் பெருமளவு நீக்கியது. ஆனால் எல்லா எஸ்.எஸ்.டி.களும் ஒன்றல்ல. வீட்டுக் கணினிகளுக்கானவை பெரும்பாலும் தரவைத் தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டு பின்னர் எழுதுகின்றன. ‘இப்போதே நிலையாக எழுது’ எனக் கட்டளையிட்டால் அவற்றின் வேகம் வெகுவாகக் குறையக்கூடும். தரவு மையங்களுக்கென உருவாக்கப்படும் உயர்தர வகைகளில் மின்தேக்கிகள் உண்டு. மின்சாரம் அறுந்தாலும், அவற்றில் தேங்கிய மின்னாற்றல் எஞ்சிய எழுத்தை முடித்துவிடும். எனவே அவை விரைவாகவும் நேர்மையாகவும் உறுதி கூற இயலும். விலை வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, வன்பொருளுக்கான செலவை வெறும் வேகத்திற்கான செலவாகக் கருதுவது பிழை. அது வைப்பாளரின் நம்பிக்கைக்கான காப்பீடு. எழுதாததை எழுதியதாகச் சொல்லிப் பெறும் வேகம் வங்கிக்குத் தேவையில்லை. அதே வேளையில், எல்லாத் தாமதமும் பாதுகாப்பின் விலை என்று வங்கிகள் சாக்குச் சொல்லவும் இடமில்லை. பழைய கருவிகளை உரிய காலத்தில் மாற்றுவது அவற்றின் கடமை. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிப்படி, யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிக்கப்பட்டும் பெறுநரைச் சேராவிடில், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. எனவே, பதில் வரும் முன் பதற்றத்தில் மீண்டும் பணம் அனுப்பாமல், கணக்கின் நிலையை முதலில் சரிபார்ப்பதே நல்லது.

கடைக் கணக்கைச் சொந்தக் கணினியில் வைத்திருக்கும் வணிகர்களுக்கும் இது பொருந்தும். மென்பொருளை விரைவாக்கும் ஆசையில், வட்டில் உடனடியாக எழுதும் பாதுகாப்பு அமைப்பை நிறுத்திவிடாதீர்கள். கணினிக்கு யு.பி.எஸ். இணைப்பு தாருங்கள், நாள்தோறும் கணக்கின் பிரதியை வேறொரு கருவியில் சேமியுங்கள். வட்டு வாங்கும்போது அதன் கொள்ளளவையும் வேகத்தையும் மட்டுமல்லாது, மின்தடையின்போது தரவைக் காக்கும் வசதி உள்ளதா என்றும் விற்பனையாளரிடம் கேளுங்கள். மெதுவாக எழுதிய கணக்கைப் பிறகும் படிக்கலாம். எழுதப்படாத கணக்கை எவராலும் மீட்க இயலாது.