மாத்திரை இலவசம், நோய் இலவசமில்லை

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். ஜூன் மாதம் நகை வந்தால் பள்ளிக்கூடச் செலவு. ஆடியில் வந்தால் விதைப்பு. பருவம் தப்பி வந்தால் பெரும்பாலும் வீட்டில் நோய்.

2006 என்று நினைவு. ஒரு பெண் தோட்டைக் கழற்றி வைத்தார். காதில் வேப்பங்குச்சி. கணவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர், காசநோய்.

"அதுக்குத்தான் அரசு ஆஸ்பத்திரியில சும்மா மாத்திரை தர்றாங்களேம்மா?" என்றேன்.

"மாத்திரை சும்மாதான் சார். ஆறு மாசம் உலை வைக்கணுமே."

எனக்குப் பதில் வரவில்லை.

நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே தனியார் டாக்டர், ஊசி, டானிக், எக்ஸ்ரே என்று வட்டிக்கு வாங்கிச் செலவழித்திருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்துச் சொன்னபோது கையில் காசில்லை. அப்போது முதல் இரண்டு மாதம், வாரம் மூன்று நாள் நேரில் போய் மாத்திரை விழுங்க வேண்டும். போகிற நாளெல்லாம் கூலி போச்சு.

இருமல் நின்றதும் அவர் மாத்திரையை விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். நோய் திரும்பியது. தோடு மீளவில்லை. ஏல நோட்டீஸை அனுப்பியவன் நான்தான்.

பாதியில் மருந்தை விடுவதை அறியாமை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பசி.

காசநோய்க்கு சானடோரியம் வேண்டாம், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1950களில் ஆய்வு செய்து உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். பெருமைதான். ஆனால் வைத்தியம் வீட்டுக்கு வந்தபோது பாரமும் கூடவே வந்தது.

2018 முதல் நோயாளியின் ஊட்டச்சத்துக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் தந்தது. 2024 நவம்பரில் 1000 ஆக்கியது. வரவேற்கிறேன். ஆனால் அது இரண்டு நாள் கூலி. முட்டைக்கும் பருப்புக்கும் கொடுப்பது வேறு, இழந்த கூலிக்கு ஈடு கொடுப்பது வேறு. கூலிக்காரக் குடும்பத்துக்கு, வேலைக்குப் போக முடியாத மாதங்களிலாவது பாதிக் கூலி கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நோய் முற்றித் திரும்பினால் அரசுக்கும் மருந்துச் செலவு கூடும்.

நம்மால் முடிந்ததும் ஒன்று உண்டு. உங்கள் தெருவில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், நேரே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். சளிப் பரிசோதனைக்குக் காசு இல்லை. தோடு காதிலேயே இருக்கட்டும்.