பரங்கிக்காய் என்ன பாவம் செய்தது?

"சீதாபல்... சீதாபல்!" என்று டெல்லித் தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவுவார். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த இளைஞர், சீத்தாப்பழம் என்று நினைத்துப் பையோடு ஓடுவார். வண்டியில் இருப்பதோ மஞ்சள் பரங்கிக்காய்! டெல்லியில் அதற்குத்தான் சீதாபல் என்று பெயர். சீத்தாப்பழம் வேண்டுமானால் "ஷரீபா" என்று கேட்க வேண்டும்.

ஏமாந்தவர் வெறும் பையுடன் திரும்பிவிடுகிறார். அங்கேதான் தவறு செய்கிறார்.

பரங்கிக்காய் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் இளக்காரம். முருங்கைக்காய்க்காக ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை பஸ் ஏறுகிறவர்கள், வாசலுக்கு வரும் காயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் இது கட்டுப்படியாகுமா?

அதுவும் பிழைக்க வந்ததுதான்

இந்தக் காய் பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். பரங்கியர், அதாவது போர்த்துக்கீசியர், காலத்தில் கடல் கடந்து வந்ததால் பரங்கிக்காய் ஆயிற்று என்பார்கள். வந்த இடத்தில் வேர் பிடித்துவிட்டது. ஊரில் மார்கழிக் கோலத்தில் அதன் பூ சிரிக்கிறது. பொங்கலன்று குழம்பில் காய் கொதிக்கிறது. டெல்லியிலோ புளிப்பும் இனிப்புமாகப் பூரிக்குத் துணை நிற்கிறது.

குளிர்காலத்துக்கு இதைவிடத் தோதான காய் ஏது? முற்றிய முழுக்காய் வாரக்கணக்கில் கெடாது. அதன் மஞ்சள் சத்து உடம்பில் வைட்டமின் 'ஏ' ஆக மாறுகிறது.

சுட்டால்தான் ருசி

தண்ணீர் விட்டு வேகவைப்பதால்தான் அது குழைந்து, பெயரையும் கெடுத்துக்கொள்கிறது. சுட்டுப் பார்க்கட்டும்!

அரைக் கிலோ பரங்கியைத் தோலோடு விரல் கனத்துக்குக் கீற வேண்டும். உப்பு, மிளகுத்தூள், சீரகம், இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த தோசைக்கல்லில் பரப்பி, மூடி போட்டு, சிறு தீயில் பக்கத்துக்குப் பத்து நிமிடம் வைத்தால் போதும். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. கடைசியில் மூடியை எடுத்துவிட்டால் ஈரம் போய், ஓரம் சிவந்து, காயின் சர்க்கரை பாகு போல் ஒட்டும். தோல் கடினமாக இருந்தால் சாப்பிடும்போது ஒதுக்கிவிடலாம். சூடான ரசம் சாதத்துக்கும் சரி, ரொட்டிக்கும் சரி, வேறு தொடுகறி தேவையில்லை.

கரி அங்கீட்டியில் சுட்டால் மணம் கூடும் என்று சிலர் ஆசைப்படலாம். அந்த ஆசை வேண்டாம். சுட்ட பிறகு அதே அங்கீட்டியைக் குளிருக்காக அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள், காலையில் எழுந்திருக்காத செய்தி குளிர்காலம் தவறாமல் வருகிறது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஆபத்து வருவதே தெரியாது. தோசைக்கல்லே போதும். குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

ஜனவரி இரவில் மொட்டை மாடி பர்சாத்தி அறையில் தனியாக இருப்பவர், சமைக்கச் சோம்பி டீயும் பிரெட்டுமாகப் படுத்துவிடுகிறார். ஊரில் இருக்கும் தாய்க்குத் தெரிந்தால் மனம் தாங்குமா? அரை மணி நேரம் அடுப்படியில் நின்றால் அறையும் மணக்கும், வயிறும் நிறையும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைப்பானேன்? சுட்டுச் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடலாமே!