கிளம்புவதற்கு முன்



இந்த இதழ் விண்வெளிச் சிறப்பிதழ் என்று போன மாதமே அறிவித்திருந்தோம். அட்டையில் நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலேறும் ராக்கெட் இருக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் ஓவியரும் முதலில் அதைத்தான் வரைந்து வந்தார். இந்த முறை வேறு படம் போடுவோம் என்று கேட்டுக்கொண்டேன். அட்டையில் நீங்கள் பார்ப்பது ஒரு வெள்ளைப் பாறை. பெயர் அனார்த்தோசைட். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைப்பது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

இரவில் நிலாவைப் பார்க்கும்போது வெளுப்பாகத் தெரியும் மேட்டுப் பகுதிகள் இந்த வகைப் பாறையால் ஆனவைதான். சந்திரயான்-2 திட்டத்துக்காக ஒரு லேண்டரையும் ரோவரையும் வடிவமைத்தபோது இஸ்ரோவுக்கு நிலா மண் தேவைப்பட்டது. அப்பல்லோ வீரர்கள் ஆறு பயணங்களில் கொண்டுவந்தது மொத்தமே 382 கிலோ. அதைத் தரையில் கொட்டி வண்டி ஓட்டிப் பார்க்க யாரும் தரமாட்டார்கள். அதைப்போலச் செய்து விற்கும் செயற்கை மண்ணை வெளிநாட்டிலிருந்து டன் கணக்கில் வாங்குவதும் கட்டுப்படியாகிற காரியம் இல்லை. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவற்றின் வேதியியல் சேர்க்கை நிலாப் பாறையோடு ஒத்துப்போவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து தொடங்கியது வேலை.

பாறையை உடைத்துப் பொடித்தால் மட்டும் நிலா மண் ஆகிவிடாது. நிலாவில் காற்று கிடையாது, ஓடும் தண்ணீரும் கிடையாது. நம் ஆற்று மணல் உருண்டு உருண்டு மழமழப்பாவதுபோல அங்கே எதுவும் தேய்வதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் மோதி நொறுங்கிய துகள்கள் கூர்முனையோடு அப்படியே கிடக்கின்றன. பெரும்பாலானவை மாவு போன்ற நைசு. ஆகவே பாறையைப் பல அளவுகளில் அரைத்து, சலித்து, எந்த அளவுத் துகள் எவ்வளவு இருக்க வேண்டுமோ அந்த விகிதத்தில் கலந்தார்கள். அழுத்தினால் எவ்வளவு இறுகுகிறது, சரிவில் எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்றெல்லாம் அளந்து பார்த்தார்கள். திருச்சி என்.ஐ.டி.யும் இதில் பங்கெடுத்தது. இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-இல் இஸ்ரோவுக்குக் காப்புரிமை கிடைத்தது.

பெங்களூரில் அந்த மண்ணைப் பரப்பி ஒரு சோதனைக்கூடம் அமைத்தார்கள். அதில் ரோவரை ஓட்டிய விதத்தைப் படித்தபோது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நிலாவின் ஈர்ப்பு இங்கிருப்பதில் ஆறில் ஒரு பங்கு. ரோவரை அப்படியே மண்ணில் விட்டால் சக்கரம் கூடுதலாகப் புதையும்; கணக்கு தப்பாகிவிடும். அதனால் ஹீலியம் பலூன்களை ரோவரோடு கட்டி, அதன் எடையில் பெரும்பகுதியை பலூன் தாங்கும்படி செய்தார்கள். கோடிக்கணக்கான ரூபாய்த் திட்டம். நிலாவின் ஈர்ப்பைக் கொண்டுவந்தது பலூன்!

2019 செப்டம்பர் 7 அதிகாலை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நிலாவில் இறங்கிக்கொண்டிருந்த சந்திரயான்-2-இன் விக்ரம் லேண்டரோடு தொடர்பு அறுந்தது. வீடுகளில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அழுதார்கள். அதற்குப் பிறகான நான்கு வருடங்களைத்தான் இந்த இதழில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். என் கணிப்பில், இந்திய விண்வெளி வரலாற்றின் ஆகச் சிறந்த பகுதி அதுதான்.

என்ன நடந்தது என்பதைப் பின்னாளில் இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் ஒளிவுமறைவில்லாமல் விளக்கினார். லேண்டரின் ஐந்து என்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக உந்தின. சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. அவற்றைச் சரிசெய்ய லேண்டர் சட்டென்று திரும்ப வேண்டியிருந்தது. எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்பதற்கோ மென்பொருள் ஓர் உச்சவரம்பு வைத்திருந்தது. இறங்க ஒதுக்கிய இடம் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். தரை நெருங்கிய பிறகும் அந்த இடத்தை எட்டிப் பிடிக்க லேண்டர் வேகமெடுத்தது.

இந்தக் காரணங்களை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி கிளம்பியிருக்கலாம். அவர்கள் அதோடு நிற்கவில்லை. எதெல்லாம் பழுதாகலாம் என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் பழுதானாலும் லேண்டர் இறங்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள். உணர்கருவிகள் கைவிட்டாலும், இரண்டு என்ஜின்கள் நின்றுபோனாலும் இறங்க வேண்டும். நடுவில் இருந்த ஐந்தாவது என்ஜினை எடுத்தார்கள். கால்களை வலுவாக்கி, விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி செய்தார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். பிறகு சோதனை, சோதனை, சோதனை. உணர்கருவிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டார்கள். கிரேனில் தொங்கவிட்டு என்ஜின்களை எரியவிட்டார்கள். கால்களை வெவ்வேறு வேகத்தில் செயற்கை நிலா மண்ணில் இறக்கிப் பார்த்தார்கள். விழுப்புரத்துக்காரரான சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேலும் அவர் குழுவும் அந்த ஆண்டுகளில் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04, சந்திரயான்-3 நிலாவில் இறங்கிய நேரம். அந்த நிமிடத்தை நான் சொல்ல வேண்டியதில்லை, அனைவரும் பார்த்தோம்.

ஆனால் அதற்கடுத்த நாட்களில் நடந்த ஒன்று பலரையும் சென்று சேரவில்லை. பிரக்யான் ரோவர் நிலாவின் தென்பகுதியில் 103 மீட்டர் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. அங்கே இருந்தது பெரும்பாலும் இரும்புச் சத்துள்ள அனார்த்தோசைட். நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது; கனமானவை அடியில் தங்க, லேசான தாதுக்கள் பாலில் ஆடை கட்டுவதுபோல மேலே மிதந்து உறைந்தன என்பது அப்பல்லோ பாறைகளை வைத்து விஞ்ஞானிகள் சொன்ன கருத்து. அப்பல்லோ இறங்கியதெல்லாம் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில். தென்துருவப் பக்கத்து மண்ணில் முதன்முதலாகக் கைவைத்து, ஆமாம், இங்கேயும் அப்படித்தான் என்று சொன்னது நம் ரோவர். சித்தம்பூண்டி மண்ணில் ஓடிப் பழகிய வண்டி, நிலாவில் போய் அதே குடும்பத்துப் பாறையைக் கண்டுபிடித்திருக்கிறது. அட்டைப்படத்துக்கு இதைவிட எனக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கிளம்பும் முன் சரிபார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதை வெளிநாட்டுக் கதைகளிலும் பார்க்கிறேன். 2024 பிப்ரவரியில் நிலாவில் இறங்கிய அமெரிக்காவின் ஒடீசியஸ் லேண்டரில், உயரத்தை அளக்கும் லேசர் கருவி வேலை செய்யவில்லை. கிளம்பும் முன் கையால் விடுவிக்க வேண்டிய ஒரு பாதுகாப்பு சுவிட்ச் அப்படியே விடப்பட்டிருந்தது. லேண்டர் இறங்கும்போது கால் உடைந்து சாய்ந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி ப்ளூ கோஸ்ட் என்ற இன்னொரு தனியார் லேண்டர் நேராக நின்று, இரண்டு வாரம் முழுக்க வேலை பார்த்தது. இறங்குவது இன்னும் எவருக்கும் சுலபமாகிவிடவில்லை.

2025 ஜனவரியில், விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்பேடெக்ஸ் சோதனை தள்ளிப்போனபோது நம் தொலைக்காட்சிகள் பதறியதை நினைத்துப் பாருங்கள். 7-ஆம் தேதி நடக்க வேண்டியது; கடைசி நேரத்தில் நிறுத்த வேண்டிவந்தால் என்ன செய்வது என்பதைத் தரையில் இன்னும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்று இஸ்ரோ ஒத்திவைத்தது. இரண்டு செயற்கைக்கோள்களையும் 12-ஆம் தேதி 3 மீட்டர் நெருக்கத்துக்குக் கொண்டுவந்து, பார்த்துவிட்டு, திரும்ப விலக்கினார்கள். 16-ஆம் தேதி இணைத்தார்கள். நிலாவிலிருந்து மண்ணைக் கொண்டுவரப்போகும் சந்திரயான்-4 இந்த இணைப்பை நம்பித்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஜூனில், இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பயணிக்க வேண்டிய ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு தெரிந்தது. பழுதை முழுதாகச் சரிசெய்து சோதித்த பிறகே ஏவ வேண்டும் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் நாராயணன் தலைமையிலான குழு வலியுறுத்தியது. பயணம் ஜூன் 25-க்குத் தள்ளிப்போனது. சுக்லா ஜூலை 15-இல் பத்திரமாகத் திரும்பி வந்தார். தாமதத்தைச் செய்தியாக்குகிறோம். அதற்குப் பின்னாலிருக்கும் பொறுப்பையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று விரும்புகிறேன்.

ககன்யானில் மனிதர்களைச் சுமந்து செல்லவிருக்கும் கிரையோஜெனிக் என்ஜினைப் பாருங்கள். ஒரு பயணத்தில் அது எரிவது பத்து நிமிடச் சொச்சம். அதற்குச் சான்று கொடுக்க 6,350 விநாடிகள் எரித்துக் காட்டினால் போதும் என்பது விதி. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் நான்கு என்ஜின்களை 39 முறை, மொத்தம் 8,810 விநாடிகள் எரித்தார்கள். கூடுதலாக எரித்த ஒவ்வொரு விநாடியும், ககன்யானுக்குத் தேர்வான நான்கு வீரர்களுடைய குடும்பங்களுக்காக என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டால் விண்வெளி வீரர் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. சொல்லட்டும். கூடவே, பாறையைச் சலித்தவர்களைப் பற்றியும், பலூன் கட்டியவர்களைப் பற்றியும் அவர்களிடம் பேசுங்கள். புவியமைப்பியல், உலோகவியல், மண் பொறியியல் போன்ற படிப்புகளில் சேரும் பிள்ளையை, இதில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு ஊக்கம் கெடுக்காதீர்கள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறை, தன் மாவட்டத்துக்குப் பக்கத்துப் பாறையை ஊன்றிப் படித்ததால் நிலாவரை போயிருக்கிறது. அத்துறைகளுக்கு ஆய்வகமும் நிதியும் கேட்டுக் குரல்கொடுக்க வேண்டியவர்கள் நாமும்தான்.

அடுத்த இதழிலிருந்து 'சோதனைக்கூடம்' என்ற தொடரைத் தொடங்குகிறோம். மகேந்திரகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்கள், என்ஜின் சோதனைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், சித்தம்பூண்டிப் பக்கத்து வாசகர்கள், தொழிற்சாலைகளில் ராக்கெட்டுக்கான உதிரிபாகம் கடைந்தவர்கள், அவற்றை அளந்து பார்த்து இது சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் எழுதுங்கள். நீளம் பற்றிய கவலை வேண்டாம். கையெழுத்தில் அனுப்பினாலும் சரி, நாங்கள் தட்டச்சு செய்துகொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்