சன்னலைத் திறவுங்கள்!

2020 மார்ச் 25-இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரித் தூவினார்கள். பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோம். சன்னலை மட்டும் இறுக அடைத்தோம்! கரிசல் காட்டில் தன்னந்தனியே ஆடு மேய்த்தவனைக் கண்டு பதறினோம். துக்க வீட்டு அறைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

ஏன்? கொரோனா காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச் 28-இல் அடித்துச் சொல்லியிருந்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் மறுத்து எழுதினார்கள். நிறுவனம் தன் விளக்கத்தைத் தெளிவாகத் திருத்த 2021 ஏப்ரல் முடிய வேண்டியிருந்தது.

"பார்த்தீரா, விஞ்ஞானமே புளுகு!" என்கிறார் ஒரு நண்பர். நான் ஒப்பமாட்டேன். பிழையைக் கண்டு சொன்னவர்களும் விஞ்ஞானிகள்தானே? பிழைபடுவது குற்றமன்று, தெரியாததைத் தெரிந்ததாகச் சாதித்ததுதான் குற்றம்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்த எந்தப் பெண்ணையும் கேளுங்கள். அடைத்த அறையில் மருந்து நெடி தங்கும், திறந்த வெளியில் கலைந்துவிடும் என்பாள். மூச்சுக்கு மட்டும் வேறு நியாயமா?

"இன்னும் தெரியவில்லை, எதற்கும் சன்னலைத் திறந்து வையுங்கள்" என்று அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குக் காலணாச் செலவில்லை. கௌரவம்தான் கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுத்தவர்கள் நாம்.