மோட்டார் வண்டியிற் சப்வூபர்

தாழ்ந்த ஓசைக்கென்றே அமைந்த ஒலிபெருக்கியாகிய சப்வூபரைத் தம் வண்டியில் வைக்க விழைவார் முதற்கண் வினவுவது, "எத்துணை வாட்டு?" என்பதே. அவ்வினா பிற்பட்டது. பெட்டி யாது, அஃது எங்கே அமரும் என்பனவே முன்னர் ஆராயத்தக்கன.

ஒலிபெருக்கியின் கூம்பு அசையுங்கால் அதன் பின்புறத்தெழும் அலை, முன்னலையொடு கலந்து தாழ்ந்த ஓசையை அழித்துவிடும். அதனைத் தடுத்தற்கே பெட்டி வேண்டப்படுகின்றது. மூடிய பெட்டி சிறிது. அதனுள் அடைபட்ட காற்றுச் சுருள்வில் போலக் கூம்பைத் தாங்குதலின், ஓசை நீளாது உடனே அடங்கும். துளையுடைய பெட்டியோ அதே வாட்டிற்கு மிக்க முழக்கந் தரும்; ஆயினும் இடத்தைப் பெரிதும் விழுங்கும். மிருதங்கத்தின் தொப்பியொலியை அடியடியாகப் பிரித்துக் கேட்க விரும்புவார்க்கு மூடிய பெட்டியே சாலும் என்பது எம் துணிபு. வண்டியின் சிற்றறை தானே தாழ்ந்த ஓசையை மிகுவிக்குமாதலின், அதன் குறையும் ஒருவாறு நிரம்பும். மூட்டை முடிச்சுகட்கு டிக்கி வேண்டுங் குடும்பத்தார் இருக்கையின்கீழ் அடங்கும் சிறு வகையைக் கொள்க. முழக்கம் குறையும், தெருவார்க்கு அது நன்மையே.

ஒன்றிற் சிக்கனம் ஆகாது. பேட்டரியினின்று ஆம்பிளிபயருக்குச் செல்லுங் கம்பியில், பேட்டரிக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருத்தல் வேண்டும். ஆம்பிளிபயரின் அருகே மட்டும் அதனை வைப்பாரும் உளர். இடையே கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொடுமேல் அப்பியூஸ் காவாது. கம்பி பழுத்துத் தீப்பற்றும். கடைக்காரர் பெட்டியின் அழகைக் காட்டத் தொடங்குமுன், பியூஸ் எங்கே வைப்பார் என்பதைக் கேட்டறிக.