அடுப்பும் கூரையும் காணாத மானியம்

வறியவரின் வீட்டுக்கு ஒளி வழங்குவது அரசின் கடமை என்பதை இன்று எவரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. மறுப்பு வேறு வடிவில் வருகிறது. "மானியம் கொடுத்தோம், நிவாரணம் கொடுத்தோம், கட்டணத்தையும் குறைத்தோம், இனி என்ன வேண்டும்?" என்று கேட்கப்படுகிறது. இக்கேள்விக்கு விடை காணும் முகமாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இந்நாட்டில் வீட்டுச் சக்திக்கென இதுவரை வழங்கப்பட்ட உதவிகளிற் பெரும்பாலானவை மின்மானியைப் பார்த்தனவேயன்றி வீட்டைப் பார்க்கவில்லை. அடுப்பையும் கூரையும் காணாத மானியம் வறியவரின் கையில் தங்குவதில்லை என்பதே எமது வாதம்.

இவ்வாதத்திற்கு உதாரணந் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கே, குருநாகலிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கலேவெல. சிங்கள மக்களும் தமிழ் பேசும் மக்களும் அருகருகே வாழும் ஊர். தேவஹுவ குளத்தின் கீழ் நெல்லும், மேட்டு நிலங்களில் மரக்கறியும் விளைகின்றன. மலைநாட்டின் குளிர் இங்கு எட்டுவதில்லை. வறண்ட வலயத்தின் வெயில் தாராளமாக எட்டுகிறது. கடைத்தெருவை விட்டு உள்ளே நடந்தால் தகரக் கூரையிட்ட வீடுகளைக் காணலாம். நண்பகலில் அக்கூரையின் கீழ் இருக்க முடியாது. இரவிலும் அதன் சூடு எளிதில் தணிவதில்லை. பின்புறத்திலே மூன்று கல் அடுப்பு. அதன் புகை வெளியேற வழியில்லாத சமையற் சாய்ப்பு. கூரையின் சூட்டைத் தாங்கமாட்டாமல் கடன்பட்டு வாங்கிய ஒரு பழைய மின்விசிறி.

இம்மின்விசிறியின் கணக்கைச் சற்று நோக்குவோம். 75 உவாற்று வலுக்கொண்ட சாதாரண விசிறி நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுழன்றால் 30 நாட்களில் 22.5 அலகு மின்சாரத்தை நுகரும். மிகக் குறைந்த நுகர்வோர் என அரசு கருதும் பிரிவினருக்கு வகுக்கப்பட்ட எல்லை மாதம் 30 அலகு. அதாவது, அவ்வெல்லையின் முக்காற்பங்கைத் தகரத்தின் சூடே தின்றுவிடுகிறது. விளக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எஞ்சுவது 7.5 அலகு. இக்குடும்பம் மின்சாரத்தை வீண்விரயம் செய்கிறது என்று கூற எவருக்கு மனம் வரும்? விரயம் நிகழ்வது உண்மை. ஆனால் அது மனிதரின் நடத்தையில் நிகழவில்லை, கூரையில் நிகழ்கிறது.

இனி, மானியங்களின் வரலாற்றுக்கு வருவோம். 1979 ஆம் ஆண்டு உணவு முத்திரைத் திட்டத்துடன் மண்ணெண்ணெய் முத்திரையும் அறிமுகமாயிற்று. முத்திரையில் அச்சிடப்பட்ட பெறுமதி அசையாது நின்றது. சந்தையின் விலையோ ஏறிக்கொண்டே சென்றது. சில ஆண்டுகளுக்குள் முத்திரையின் உண்மையான கொள்வனவு வலு ஏறத்தாழப் பாதியாகக் கரைந்தது. பணமாகக் கொடுக்கப்படும் சக்தி நிவாரணம் விலை உயர்வின் முன் நிற்காது என்ற பாடத்தை நாம் அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

கற்காததன் விளைவை 2022 இலும் 2023 இலும் கண்டோம். 2022 ஓகத்து மாதம் வரை மாதம் 30 அலகு நுகர்ந்த குடும்பம் அலகொன்றுக்கு 2.50 ரூபாவும், நிலையான கட்டணமாக 30 ரூபாவும் செலுத்தியது. மொத்தம் 105 ரூபா. அம்மாத உயர்வின் பின் அது 360 ரூபாவாயிற்று. 2023 பெப்புருவரியில் அலகுக்கு 30 ரூபாவும் நிலையான கட்டணம் 400 ரூபாவுமாக, அதே 30 அலகுக்கு 1,300 ரூபா செலுத்த வேண்டியதாயிற்று. ஆறே மாதங்களில் பன்னிரண்டு மடங்குக்கு மேல்! அதே காலத்தில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாயிற்று. 2021 இன் இறுதியில் 2,675 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவை எட்டியது. மின்கட்டணம் செலுத்த இயலாமல் 2023 இல் துண்டிக்கப்பட்ட இணைப்புகள் பல இலட்சம். 2023 யூலையில் கீழ்மட்டக் கட்டணம் குறைக்கப்பட்டது என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் ஒரு கையெழுத்தால் குறைந்தது இன்னொரு கையெழுத்தால் கூடும். கட்டணம் ஏறியும் இறங்கியும் ஆடிய அக்காலம் முழுவதும் அந்தத் தகரக் கூரை அப்படியே இருந்தது. அந்த அடுப்பும் அப்படியே புகைந்தது.

"சூரிய சக்தி வந்துவிட்டதே!" என்பர் சிலர். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் கூரைமேற் சூரிய மின்படலத் திட்டம் தொடங்கப்பட்டது. உற்பத்தியாகும் மின்சாரத்தை முதல் 7 ஆண்டுகளுக்கு அலகு 22 ரூபா வீதம் கொள்வனவு செய்ய அரசு உடன்பட்டது. 2022 இன் பிற்பகுதியில், 500 கிலோவாற்று வரையான புதிய கூரைத் தொகுதிகளுக்கு அவ்விலை 37 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இதனை மேலே கூறிய கணக்குடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2023 பெப்புருவரியில் 30 அலகுக்கு 1,300 ரூபா செலுத்திய வறிய குடும்பம் உண்மையில் அலகொன்றுக்கு 43 ரூபாவுக்கு மேற் கொடுத்தது. கொங்கிறீற்றுக் கூரையும் வங்கிக் கடன் பெறும் தகுதியும் உடையவர் மின்சாரம் விற்று 37 ரூபா பெற்ற அதே காலத்தில், குப்பி விளக்கிலிருந்து அண்மையில் விடுபட்டவர் 43 ரூபா கொடுத்து அதனை வாங்கினார். இதற்குப் பெயர் சக்திப் புரட்சியாயின், அப்புரட்சி எவ்வர்க்கத்தினுடையது என்று கேட்கும் உரிமை எமக்குண்டு.

நாம் சூரிய சக்திக்கு விரோதிகள் அல்லர். பிரச்சினை எதற்கு முதலிடம் என்பதே. இந்நாட்டின் மின் தேவை உச்சமடைவது மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் இடைப்பட்ட நேரத்திலாகும். கூரையிலுள்ள படலம் அந்நேரத்தில் உறங்குகிறது. 2025 ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையின்போது பகல் நேர மின் தேவை குன்றியதால், கூரைத் தொகுதிகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களிடம் கோரவேண்டிய நிலையும் ஏற்பட்டது. மாறாக, வறியவர் வீட்டின் விளக்கும் விசிறியும் இயங்குவது மிகச் சரியாக அவ்வுச்ச நேரத்திலேதான். 60 உவாற்று இழைக் குமிழ் ஒன்றுக்குப் பதிலாக 9 உவாற்று எல்.ஈ.டி. குமிழைப் பொருத்தினால், நாளுக்கு 5 மணி நேரப் பாவனையில் மாதம் 9 அலகு 1.35 அலகாகக் குறையும். 75 உவாற்று விசிறிக்குப் பதிலாக 30 உவாற்றில் இயங்கும் புதுவகை விசிறியைக் கொடுத்தால் 22.5 அலகு 9 அலகாகும். இவ்வாறு மீதமாகும் ஒவ்வோர் அலகும் எண்ணெய் எரித்துப் பெறப்படும் விலையுயர்ந்த இரவு மின்சாரத்தை மீதப்படுத்துகிறது. ஆகவே, "திறைசேரியில் பணமில்லை" என்ற வாதம் இங்கு செல்லாது. பணமில்லாத நாடுதான் இதனை முதலிற் செய்ய வேண்டும்.

மின்சாரத்தோடு மட்டும் நின்றுவிடுவதும் தவறாகும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டுக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை சமையலுக்கு விறகையே நம்பியிருந்தன. மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே பானையைச் சேருகிறது. மிகுதி காற்றுக்கும், சமைப்பவளின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் செல்கிறது. இதற்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. எமது குயவரின் களிமண்ணாற் செய்யப்படும் 'அனகி' அடுப்பு அவ்வீதத்தை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது. 1980 களில் மின்சார சபையினூடாகவே விறகுச் சிக்கனத் திட்டமொன்று நடத்தப்பட்டு, கிராமங்களில் மானியத்துடன் இத்தகைய அடுப்புகள் பரப்பப்பட்டன. மின்சாரம் விற்கும் நிறுவனம் அடுப்பைப் பற்றியும் கவலைப்பட்ட காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதை இன்றைய திட்டமிடலாளர் நினைவிற் கொள்வது நன்று. விறகு பொறுக்குவதும் புகையை விழுங்குவதும் பெண்ணின் வேலையாக இருப்பதாலேயே அடுப்பு இன்று பொருளாதாரப் பிரச்சினையாகக் கருதப்படுவதில்லை. அவ்வுழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டியிருந்தால், அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே அடுப்பு இடம்பெற்றிருக்கும்.

"வீட்டைத் திருத்தச் சக்தி மானியம் கொடுப்பது குளிர்நாட்டு வழக்கம், எமக்கெதற்கு?" என்று கேட்போரும் உளர். ஐக்கிய அமெரிக்கா எண்ணெய் நெருக்கடியின் பின் 1976 இல் வருமானங் குறைந்தோரின் வீடுகளைக் குளிர் புகாது திருத்தும் திட்டத்தைத் தொடங்கியது உண்மை. ஆயினும் அதன் அடிப்படைத் தத்துவம் குளிரைப் பற்றியதன்று. விலையைக் குறைப்பதிலும் தேவையைக் குறைப்பது நிலையானது என்பதே அத்தத்துவம். அங்கே சுவரும் சாளரமும் குளிரை உள்ளே விடுகின்றன. இங்கே கூரை வெயிலை உள்ளே விடுகிறது. தத்துவம் ஒன்றே, பருவம் வேறு. குளிர்நாட்டாரின் தோல்வியிலிருந்தும் நாம் கற்கலாம். பிரித்தானியாவில் இத்தகைய அரசு ஆதரவுத் திட்டங்களின் கீழ்ப் பொருத்தப்பட்ட வெளிச்சுவர்க் காப்புகளுள் 98 சதவீதமானவை குறைபாடுடையன என்று அந்நாட்டுத் தேசிய கணக்காய்வு அலுவலகம் 2025 ஒற்றோபரில் வெளிப்படுத்தியது. ஒப்பந்தக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்வையிடாத மானியம், வறியவருக்கு நன்மையாகாது ஈரச் சுவரையே விட்டுச்செல்லும் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

அண்டையிலுள்ள தமிழ்நாட்டின் அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 2011 இல் தொடங்கிய சூரிய மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டத்தின் கீழ், ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தாண்டுகளில் 3 இலட்சம் வீடுகள் கட்ட முடிவாயிற்று. 300 சதுர அடி வீடு, 1.80 இலட்சம் ரூபா செலவு. அதில் 30,000 ரூபா சூரிய விளக்குகளுக்கு. வீட்டையும் விளக்கையும் ஒன்றாக நோக்கிய அத்திட்டத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் விண்ணப்பிக்க 300 சதுர அடி நிலமும் அதற்குப் பட்டாவும் வேண்டும் என்ற நிபந்தனை, நிலமற்றோரை வாசலிலேயே நிறுத்தியது. இதே நிபந்தனை மாத்தளை மாவட்டத்திற்கு வந்தால் என்னாகும்? தோட்டத்து லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர் உறுதிப்பத்திரத்திற்கு எங்கே போவார்? வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? ஒரே மின்மானியின் பின்னே இரண்டு குடும்பங்கள் சமைத்துண்ணும் வீட்டில், இருவரின் அலகும் ஒன்றாகக் கூட்டப்பட்டு அவர்கள் "கூடிய நுகர்வோர்" ஆகிவிடுகின்றனர். ஏடுகளில் அவர்கள் வறியவர் அல்லர்!

2023 இல் நடைமுறைக்கு வந்த அசுவெசும திட்டம் இம்முரண்பாட்டை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டன. வீட்டின் நிலையும் அளவுகோல்களுள் ஒன்று. உத்தியோகத்தர் வந்து கூரையைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். அக்குறிப்பின் பயனாக, தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை வெவ்வேறு பிரிவினருக்கு வழங்கப்பட்டது. பணம் தேவையானதே, அதனை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆனால் கூரை பழுதென்று எழுதிய அரசு, அக்கூரையைத் தொடவில்லை. நோயை எழுதிக்கொண்டு மருந்துக்குப் பதிலாகப் பேருந்துக் கட்டணம் கொடுத்து அனுப்புவதற்கு இது ஒப்பாகும்.

அவ்வாறாயின் நாம் வேண்டுவது யாது? முதலாவதாக, உதவி உறுதிப்பத்திரத்திற்கன்றிக் குடும்பத்திற்கு உரியதாக வேண்டும். மின்மானியை எண்ணாது அடுப்பை எண்ண வேண்டும். இரண்டாவதாக, அவ்வுதவி பணமாகக் கரையாது பொருளாக நிலைக்க வேண்டும்: கூரையின் கீழே ஒரு தட்டு அல்லது மேலே வெண்பூச்சு, புகை வெளியேறும் வழியுடன் ஒரு நல்ல அடுப்பு, பாதுகாப்பான மின்கம்பி இணைப்பு, சிக்கனமான விசிறி, குமிழ். எது முதலில் என்பதை அவ்வீட்டில் சமைப்பவள் தீர்மானிக்கட்டும். மூன்றாவதாக, வேலை உள்ளூர்க் குயவருக்கும் மேசனுக்கும் தச்சருக்கும் செல்ல வேண்டும்; இறுதிக் கொடுப்பனவு ஒரு மழையும் ஒரு வெயிலும் கடந்த பின்னரே வழங்கப்பட வேண்டும். நான்காவதாக, படிவமும் பயனாளிகள் பட்டியலும் சிங்களத்திலும் தமிழிலும் பொதுவிடத்தில் ஒட்டப்பட வேண்டும். வாசிக்க முடியாத உரிமை உரிமையாகாது.

மாத்தளை மாவட்டம் இந்நாட்டின் மின்சாரத்திற்குக் கொடுத்தது சிறிதன்று. மகாவலி நீர் 1976 இல் உக்குவெலையிலும், 1981 இல் போவத்தென்னையிலும், 2018 இல் மொரகஹகந்தவிலும் சுழலிகளைச் சுழற்றியது. அந்நீரின் வழியில் மக்கள் தம் நிலங்களையும் ஊர்களையும் விட்டெழுந்தனர். அம்மாவட்டத்திலேயே ஒரு குடும்பம் விசிறியை நிறுத்தினால் உறக்கமில்லை, ஓடவிட்டால் கட்டணமில்லை என்று நடுநிசியில் தடுமாறுவது நீதியாகுமா?

பல்கலைக்கழகத்தில் கற்கும் நாமும் இதற்கு வெளியே நிற்கவில்லை. வறுமையை அளக்கும் குறிகாட்டிகளை வகுப்போரும், திட்டங்களை எழுதுவோரும், நாளை பிரதேச செயலகங்களில் அமர்ந்து விண்ணப்பங்களை நிராகரிப்போரும் எம்மிடையிலிருந்தே செல்கின்றனர். செல்வோர் ஒருமுறையேனும் நண்பகலில் கலேவெலயின் தகரக் கூரையொன்றின் கீழ் அமர்ந்துவிட்டுச் செல்லட்டும். அதன் பின்னரும் மானியம் போதும் என்று அவர்கள் கூறுவார்களாயின், அக்கூற்றை நாம் அப்போது கேட்டுக்கொள்வோம்.